படத்துக்கு எடுத்த ரிவால்வர்

இந்த நாட்டில் துப்பாக்கிக்கும் மெனு கார்டு உண்டு. ஷார்ஜாவிலிருந்து பாலைவனப் பக்கமாக அரை மணி நேரம் போனால் ஒரு துப்பாக்கி சுடும் கிளப் இருக்கிறது. கவுண்டரில் போய் நின்றால் லேமினேட் செய்த ஓர் அட்டையை நீட்டுகிறார்கள். இங்கே கராமா கடைத்தெருவில் நம்மூர் ஓட்டல்களில் நீட்டுவார்களே, அதே அளவு; சாம்பார்க் கறைதான் இல்லை. ஒரு பக்கம் அரபி, மறு பக்கம் ஆங்கிலம். பிஸ்டல், ரிவால்வர், ரைஃபிள் என்று வரிசையாகப் படம் போட்டு, எதற்கு எத்தனை குண்டு என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே கரக் என்கிற கெட்டிப் பால் டீ விற்கிறார்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் சமோசா தின்றுகொண்டே தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். நான் அந்த அட்டையைக் கையில் வாங்கியதும் பழக்கதோஷத்தில் கடைசி வரியில் காபி இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

ஊரில் இருக்கும் நீங்கள் என்னைப் பெரிய வேட்டைக்காரனாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இங்கே தொழில்பேட்டையில் லாரி உதிரி பாகக் கிடங்கு ஒன்றில் பத்தொன்பது வருடமாக ஸ்டோர்கீப்பராக இருக்கிறேன். பேரிங், கேஸ்கெட், பிரேக் லைனிங் என்று எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது என் வேலை. கிளப்புக்கு என்னை இழுத்துப் போனவன் இப்ராஹிம். கீழக்கரைக்காரன், என் வயதுக்காரன், கராமாவில் செல்போன் கவர் கடை வைத்திருக்கிறான். அவன் வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு இலவச பாஸ் கொடுத்திருந்தார். "மச்சான், ஞாயித்துக்கிழம சும்மா ரூம்ல படுத்து ஃபேனப் பாக்கப் போறியா, இல்ல வரியா" என்றான். ஃபேனைப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இலவசம் என்ற சொல்லுக்கு முன்னால் நான் எப்போதுமே பலவீனமானவன்.

எங்கள் மானாமதுரையில் நான் பார்த்த துப்பாக்கிகளை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். பாங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியிடம் ஓர் இரட்டைக் குழல் இருந்தது. அது வெடித்து யாரும் கேட்டதில்லை. அதன் மேல் அவர் சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டிருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருக்கும் இரண்டு பண்ணைக்காரர்கள் தங்கள் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போவார்கள். அன்றைக்கு அவர்கள் நடையே தனியாக இருக்கும். மற்றபடி சித்திரைத் திருவிழாவில் பலூன் சுடும் கடை. அங்கே ஒருமுறை பத்துக்குப் பத்து பலூன் உடைத்தேன். பலகை ஆறடி தூரத்தில் இருந்தது என்பதையும், பலூன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இருந்தன என்பதையும் இப்ராஹிமிடம் நான் சொல்லவில்லை. கிளப்புக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பத்துக்குப் பத்தைப் பற்றியே பேசிக்கொண்டு போனேன்.

அங்கே சொல்லிக்கொடுக்க ஜோசி என்ற பிலிப்பைன்ஸ் பெண் இருந்தாள். என் தோள் உயரம்கூட இல்லை. முதல் தடவை வருகிறவர்களுக்குப் பாயிண்ட் டூ டூ ரிம்ஃபயர்தான் நல்லது என்றாள். இருப்பதிலேயே சின்ன ரகக் குண்டு. அதன் அடி விளிம்பில் துப்பாக்கியின் சுத்தியல் தட்டியதும் வெடிக்கும். சத்தம் குறைவு, கையை உதைக்காது, காகிதத்தை ஓட்டை போட இதற்கு மேல் தேவையில்லை. ரிவால்வர்தான் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். சரித்திரத்தில் ஈடுபாடு என்று சொல்ல நினைத்து, "லுக் நைஸ்" என்றேன். உண்மைக்கு அதுதான் பக்கம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று ரிவால்வர்கள் இருந்தன. ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி. அதன் குழல் அவ்வளவு குட்டை என்பதால் குறி தப்பும் என்று ஜோசியே அதை ஒதுக்கினாள். இரண்டாவது, நான்கு அங்குலக் குழல், கறுப்பு, ரப்பர் கைப்பிடி. பார்க்க நம் கிடங்கில் கிடக்கும் கருவி ஏதோ ஒன்றுபோல் இருந்தது. மூன்றாவது வெள்ளி நிறம், தேக்கு நிறத்தில் மரக் கைப்பிடி, முழங்கை வரை நீளும்போல ஒரு குழல். ஜோசி கறுப்பை எடுத்து என் கையில் வைத்தாள். விரல் விசையை எட்டுகிறதா என்று பார்த்தாள். சரியாக எட்டியது. எடை கை நடுக்கத்தை அமுக்கும், பின்பக்கக் குறிப்பானைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம், குண்டு போடுவதும் காலி செய்வதும் சுலபம் என்று வரிசையாகச் சொன்னாள். வெள்ளியில் ஒவ்வொரு குண்டாகப் பக்கவாட்டு வாசல் வழியே போட வேண்டும், ஒவ்வொன்றாகத் தள்ளி வெளியே எடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் கட்டை விரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், முன்பாரம் அதிகம், உனக்கு மணிக்கட்டு வலிக்கும் என்றாள். லாரி டிரைவர்கள் வந்து விலை குறைந்த பேரிங்கைக் கேட்கும்போது நான் இப்படித்தான் பொறுமையாக நல்ல பேரிங்கின் குணங்களை எடுத்துச் சொல்வேன். அவர்கள் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. வெள்ளியை எடுத்தேன்.

இருபத்தைந்து குண்டு. பத்து மீட்டரில் ஒரு காகிதம். காதில் பெரிய மூடி, கண்ணில் பிளாஸ்டிக் கண்ணாடி. முதல் ஆறு குண்டும் எங்கே போயின என்று எனக்கும் தெரியாது, பாலைவனத்துக்கும் தெரியாது. பக்கத்துத் தடுப்பில் கந்தூரா என்கிற வெள்ளை அரபு அங்கி அணிந்த முதியவர் ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, "டியூட்டி?" என்று கேட்டார். டியூட்டி இல்லை என்ற அர்த்தத்தில் "மாஃபி டியூட்டி, ஹாலிடே" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. என் நிறத்தில், என் சட்டையில் ஒருவன் இங்கே நின்றால் செக்யூரிட்டி வேலைக்குப் பழக வந்தவனாகத்தான் இருக்க வேண்டும். "கஃபீல் அனுப்பினாரா?" என்றார். விசா கொடுத்த முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். என் சொந்தச் சந்தோஷத்துக்காக வந்தேன் என்று சொல்ல எனக்கு அரபியிலும் வரவில்லை, இந்தியிலும் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் தமிழில்கூட அந்த வாக்கியத்தை நான் சொல்லிப் பழகியதில்லை. தலையை ஆட்டி வைத்தேன். உன் கஃபீல் நல்ல மனிதர் என்று மெச்சிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

குண்டு தீர்ந்து, துப்பாக்கி காலி என்று ஜோசி பார்த்துச் சொன்ன பிறகு ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தாள். காது மூடியையும் கண்ணாடியையும் கழற்றினேன். தலையைச் சீவினேன். வயிற்றை உள்ளிழுத்தேன். வெள்ளி ரிவால்வரை இரண்டு கையாலும் நீட்டி, கண்ணைச் சுருக்கி நின்றேன். இப்ராஹிம் எடுத்த படம் அருமையாக வந்திருந்தது. அதில் இருப்பவன் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து அடித்தவன். அன்று மாலையே அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகப் போட்டேன். முகப்புப் படமாகவும் வைத்தேன். புர்ஜ் கோபுரத்தின் முன்னால் நின்ற படம், யாருடைய காரிலோ சாய்ந்து நின்ற படம், ஒட்டகப் படம் எல்லாம் பழசாகிவிட்டிருந்தன.

என்னைப்போல் வெளிநாட்டில் இருப்பவர்களே, இங்கேதான் நீங்களும் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்த வாரம்தான் என் மகள் தேன்மொழிக்குப் பேசி முடிக்கிற கட்டத்தில் ஒரு வரன் இருந்தது. பையன் அருண், பரமக்குடி. கல்லூரியில் அவளோடு படித்தவன். காதல் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. இந்த இடம் அமையாவிட்டால் அவள் வேறு இடத்துக்குத் தலையாட்டுவாள், ஆனால் உள்ளே உடைந்துவிடுவாள் என்று என் மனைவி வள்ளி சொல்லியிருந்தாள். பையனின் அப்பா ரிட்டயரான ஏட்டு. கையில் ஆயுதத்தோடு ஸ்டேட்டஸ் போடுகிற ஆட்களைத் தேடிப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்தே கடைசி ஐந்து வருட சர்வீஸை ஓட்டியவர். என் நம்பர் அவரிடம் இருந்தது. நான்தான் கொடுத்திருந்தேன்.

மறுநாள் கிடங்கில் சாமான் இறங்கிக்கொண்டிருந்தபோது வள்ளி அழைத்தாள். "ஏங்க, அத எடுங்க மொதல்ல. அவுக வீட்ல ஒரு மாதிரியாப் பேசுறாக. பொண்ணோட அப்பா அங்க என்ன தொழில் பண்றாருன்னு ஏட்டையாவோட அண்ணன் கேட்டாராம். புள்ள காலையில இருந்து சாப்பிடல." எடுத்துவிட்டேன். ஆனால் ஏட்டையாவின் போனில் அது ஏற்கெனவே பத்திரமாகச் சேமிக்கப்பட்டிருந்தது. புதன்கிழமை மதியம் அவரே வீடியோவில் வந்தார். பின்னால் சுவரில் அவர் சீருடையில் நிற்கும் படம் மாட்டியிருந்தது.

"அந்த ரிவால்வர் யாருது?" என்று ஆரம்பித்தார்.

"வாடகைக்கு எடுத்ததுங்க."

"துப்பாக்கிய வாடகைக்கா?"

இன்னும் மோசமாகிவிட்டது என்று புரிந்தது. "கிளப்புங்க, பொழுதுபோக்குக்கு. குடும்பத்தோட எல்லாம் வருவாங்க."

"எத்தன ரவுண்டு சுட்டீங்க?"

"இருபத்தஞ்சு."

"எத இலக்கு வச்சு?"

"காகிதத்தங்க."

நல்லவேளையாக அந்தக் காகிதத்தை ஜோசி சுருட்டிக் கையில் கொடுத்திருந்தாள். அறையில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற வெட்கத்தில் அதைக் கிடங்கில் என் மேஜை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன். எடுத்து வந்து கேமரா முன் விரித்தேன். ஏட்டையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார். நான்கு ஓட்டை. நான்கும் ஓரத்தில். கறுப்பு வட்டத்தில் ஒன்றுமில்லை. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது; குலுங்கிச் சிரித்தார். "சரிதான். உங்களால ஒரு ஈ காக்காய்க்கும் ஆபத்தில்ல" என்றார். வாழ்க்கையில் என் திறமையின்மை எனக்கு இவ்வளவு உதவி செய்ததில்லை.

தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் சிரித்து முடித்துவிட்டு நிதானமாகப் பேசினார். "துப்பாக்கிய விடுங்க. நாங்க ஒங்க தெருவுல வந்து விசாரிச்சோம். ஒங்க வீட்டம்மாவப் பத்தி ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. யாருக்கு ஒடம்பு முடியலேன்னாலும் மொத ஆளா நிப்பாங்களாம். ஒங்களக் கேட்டா, ஷார்ஜால இருக்காருன்னு சொல்றாங்க. அதோட நிறுத்திக்கிறாங்க. நல்லவருன்னும் சொல்லல, கெட்டவருன்னும் சொல்லல. அப்ப நான் எதப் பாத்து முடிவு பண்ண? நீங்க போடுற போட்டோவத்தான பாக்க முடியும்?" காகிதத்தை மறுபடி சுருட்டினேன். பின்னால் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் தேன்மொழியிடம் பேசினேன். "அவுக ஒங்கிட்ட என்ன கேட்டாங்கம்மா?" என்றேன்.

"அப்பா கோவக்காரரான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இல்லேன்னேன்." பிறகு அவளே தொடர்ந்தாள். "பொறவு யோசிச்சுப் பாத்தேன்ப்பா. நெசமாவே எனக்குத் தெரியலப்பா. லீவுக்கு வந்தா சிரிச்சிக்கிட்டே இருப்பீங்க, வாங்கிக் குடுத்துக்கிட்டே இருப்பீங்க. நாப்பத்தஞ்சு நாள்ல கெளம்பிருவீங்க. நீங்க கோவப்பட்டு நான் பாத்ததே இல்ல."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. கணக்குப் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்பதுபோல் சொன்னாள். அதனால்தான் வலித்தது. நான் கோபக்காரன்தான். கிடங்கில் எனக்குப் பின்னால் பையன்கள் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அச்சில் எழுத முடியாது. இங்கே அறையில் என்னோடு இருக்கும் ஐந்து பேருக்கும் நான் எப்போது எரிந்து விழுவேன், எப்போது இறங்கி வருவேன் என்று தெரியும். என் மகளுக்குத் தெரியாது. அவளுக்குப் பிடித்த மாதிரி இருக்கும் ஒருவனை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விமானத்தில் அனுப்பிவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பத்து நாளில் சம்மதம் வந்தது. ஏட்டையா வள்ளியிடம் சொன்ன வார்த்தையை அவள் எனக்கு அப்படியே சொன்னாள்: "நீங்க வளத்த பொண்ணு, அது போதும்மா." எனக்குச் சந்தோஷம்தான். அறையில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். ஆனால் சாப்பிடும்போது அந்த வாக்கியத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளப்புக்குப் போனேன். ஜோசி வெள்ளியை எடுக்கக் கையை நீட்டினாள். வேண்டாம், கறுப்பு என்றேன். அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. எடை கையை அமுக்கியது. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, மூச்சை விட்டு, மெதுவாக விசையை அழுத்தினால் காகிதத்தில் ஓட்டை விழுந்தது. பதினொன்று பட்டது; அதில் இரண்டு, கறுப்பு வட்டத்துக்குள்ளேயே. படம் எடுக்கட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் பதினொன்றை இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன், புத்தி எங்கே போகும்.

போன வாரம் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை வள்ளி அனுப்பினாள். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் சின்ன எழுத்தில் அவரவர் ஊரோ தொழிலோ இருக்கும். மாமன்மார் பெயருக்குக் கீழ் மளிகைக் கடை, மின்வாரியம், மானாமதுரை. அழைக்கிறவன் என்ற இடத்தில் பெரிய எழுத்தில் என் பெயர். அதன் கீழே ஷார்ஜா. இங்கே என் அடையாள அட்டையில் இந்தியா என்று இருக்கிறது. ஷார்ஜாவை எடுத்துவிட்டு மானாமதுரை என்று போடச் சொல்லி வள்ளியை அழைத்தேன். என் மகள் கல்யாணத்தில் நான் வெளியூர் ஆளாக இருக்க வேண்டாம் என்றேன்.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. எனக்காக வருத்தப்படுகிற குரலில்தான் சொன்னாள். "ஷார்ஜான்னு போட்டாத்தாங்க, நீங்க யாருன்னு ஊருல தெரியும்."

பத்திரிகை அப்படியே அச்சுக்குப் போயிருக்கிறது.