எர்லாங்கனில் இரண்டு வெர்னே

கொறற்றியின் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் பன்னிரண்டாம் அறைக் கிழவி எழுத்துக்கூட்டி வாசித்த அன்றே அவளுக்கு நிம்மதி போய்விட்டது. ஜெர்மனியில், எர்லாங்கனில் அந்த முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருசமாகக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சூப் பருக்கி வந்தவள் கொறற்றி, வயது ஐம்பத்திநாலு. கிழவிக்குத் தொண்ணூற்றொன்று. இரண்டு பேருக்கும் குடும்பப் பெயர் ஒன்றுதான்: வெர்னே.

“நீ எந்தக் கிளை?” என்று கிழவி காலைக்குக் காலை கேட்டாள்.

தலையணைக்கடியில் ஒரு வரைபடம் வைத்திருந்தாள். அந்தப் பெயர்க்காரர் இன்று எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பொட்டுப் பொட்டாய்க் காட்டுகிற படம். பிரான்சின் தெற்கே பொட்டுகள் மொய்த்துக் கிடந்தன. ‘வெர்ன்’ அங்கே ஆற்றோரத்தில் வளர்கிற ஒரு மரம். அது தோப்பாக நின்ற ஊர்க்காரர் வெர்னே ஆனார்கள். வேதத்தை மாற்றச்சொல்லி அரசன் நெருக்கியபோது எர்லாங்கனுக்கு ஓடிவந்த புரட்டஸ்தாந்து அகதிகள் கிழவியின் முன்னோர். முந்நூறு வருசம் கழித்து இந்த ஊரில் மிஞ்சியது இரண்டு பொட்டு.

“இது நான். இது நீ.”

கொறற்றி படத்தை மடித்துத் தலையணைக்கடியிலேயே தள்ளினாள். பெயரும் விலாசமும் ஒரே தாளில் ஏறினால் ஆமிக்காரர் வீடு தேடி வருவார்கள் என்று ஊரில் பார்த்து வளர்ந்தவள் அவள்.

வீட்டில் புருசன் யாகோப்பு சிரித்தார். “அவையைத் துரத்தினது எங்கடை கத்தோலிக்கர்தானே! கிழவிக்குத் தெரிஞ்சால் உன்ரை கையாலை சூப் குடியாது.”

“பகிடி விடாதேங்கோ. எனக்கு நித்திரையே இல்லை.”

“அப்ப உள்ளதைச் சொல்லிவிடன்.”

உள்ளது இதுதான். இலங்கையில், மன்னாரின் பேசாலையில், அவளுடைய அப்பாவுக்குப் பிறந்த மூன்றாம் நாள் வலிப்புக் கண்டது. பிழைத்தால் ஞானஸ்நானம் கொடுக்கிற பிரெஞ்சுக் குருவானவரின் பெயரையே வைப்பதாக வீட்டார் நேர்ந்தார்கள். பிள்ளை பிழைத்து வெர்னே ஆனது. மன்னார் ஆட்களுக்குத் தகப்பன் பெயர்தான் கூட வருகிற பெயர். ஒரு தலைமுறையோடு சரி. ஜெர்மன்காரர் அதைக் குடும்பப் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். கொறற்றியின் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் நிற்பது யாகோப்பு. வெர்னே அவளோடு முடிகிறது.

அந்த அப்பா, தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில், குடும்பத்தை இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏற்றிவிட்டு, “பின்னாலை வாறன்” என்றவர். அவர் ஏறிய வள்ளம் அக்கரை சேரவில்லை, இக்கரையும் திரும்பவில்லை. செத்தவர்களுக்கு வைக்கிற ஆத்துமப் பூசையை அவருக்கு ஒப்புக்கொடுக்க அம்மா கடைசிவரை விடவில்லை. அம்மா செத்த பிறகும், மரித்தவர்களின் நாளில் கோயிலில் வாசிக்கக் கொடுக்கிற பெயர்களில் கொறற்றி அப்பாவைச் சேர்த்ததில்லை.

ஒருநாள் கிழவி ஒரு விண்ணப்பத்தை நீட்டினாள். இங்கே கல்லறை நிலம் தவணைக்குத்தான். பொறுப்பெடுக்க ஆளில்லாவிட்டால், தவணை முடியக் கல்லைப் பிடுங்கிவிடுவார்கள்.

“எனக்கு ஒருவருமில்லை. நீ ஒப்பம் வை.”

ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்லலாம் என நினைத்து, லீவு நாளில் மத்தியானம் சவக்காலைக்குப் போனாள் கொறற்றி. கிழவி வீட்டாரின் பாசி பிடித்த சாம்பல் கல். உச்சியில் ஒரே சொல், ஆழமாக வெட்டியபடி. அப்பாவின் பெயர். குருவானவர் ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதிய அதே எழுத்துகள், ஒன்றும் பிசகாமல். அந்தப் பெயரை அவள் கல்லில் கண்டதேயில்லை. காற்று அசையவில்லை, ஆனாலும் உப்பு மணத்தது. பின்னாலே யாரோ வருகிறமாதிரி இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் ஒருவரும் இருக்கமாட்டார்களோ என்ற பயம்.

அடுத்த நாள் கிழவியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கிழவி வரைபடத்தை எடுத்து இரண்டாம் பொட்டில் விரல் வைத்தாள்.

“அப்படியென்றால் நீ எங்கள் ஆளில்லை.”

“இல்லை.”

“என் கல்லறைக்கு வந்துபோவாயா?”

“வருவேன். ஒப்பமும் வைக்கிறேன். ஆனால் கீழே என் அப்பாவின் பெயரும் வெட்டவேண்டும். உடல் இல்லை.”

கிழவி பேனாவை எடுத்தாள். “பிறந்த வருசம்?”

“முப்பத்தெட்டு.”

“மற்ற வருசம்?”

அப்பா செத்த வருசத்தை முப்பத்தைந்து வருசமாக ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. பேனா காத்திருந்தது.

“தொண்ணூறு,” என்றாள் ஜெர்மனில்.

வீட்டுக்கு வந்ததும் யாகோப்பு கேட்டார்: “கிழவியிட்டை என்ன சொன்னனி?”

கொறற்றி வாயைத் திறந்தாள். தமிழில் அந்த வருசம் வரவில்லை.