அப்பாவை வேவு பார்த்த மூன்று நாட்கள்

என் அப்பாவின் தலையில் பலாப்பழம் விழுந்தது என்று சொன்னால் கேட்பவர்கள் இன்றைக்கும் முதலில் சிரிக்கிறார்கள். பண்ருட்டியில் பஸ் மேலிருந்து இறக்கும்போது கை நழுவிய பழம். பல நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்துவிட்டு, மொட்டைத் தலையில் தையலோடு மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டுக்குத் திரும்பினார். மூளையில் அடி, ஆள் முன்போல இருக்கமாட்டார், பக்குவமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். கை கால் ஆடுகிறது, சோறு இறங்குகிறது, அப்புறம் என்ன மூளை என்று அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடிபடுவதற்கு முன் அப்பாவுக்கு உலகத்தில் ஒரே வார்த்தைதான்: பர்மனெண்ட். அவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலி. முதல் சங்கு ஊதுவதற்குள் குளித்துவிட்டு நிற்பார். கேட்டில் காட்டும் பித்தளை டோக்கனைப் புளி போட்டு விளக்கி ஆணியில் மாட்டுவார். ஒருமுறை அதைத் தொட்டதற்கு வாங்கிய அடி என் முதுகில் ரொம்ப நாள் இருந்தது. பர்மனெண்ட் ஆனால் குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸ் வந்தால் எனக்கு டவுன்ஷிப் பள்ளிக்கூடம். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் புத்தகம் தூக்கியவன் நான்.

திரும்பி வந்தவரோ, சங்கு ஊதி அம்மா உலுக்கினாலும் புரண்டு படுத்தார். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடித்துப் போட்டார். ஒருநாள் மத்தியானம் அம்மாவிடம், "நீ துன்னியா?" என்று கேட்டார். பதினோரு வருஷக் குடித்தனத்தில் கேட்காத கேள்வி. அம்மாவுக்குச் சந்தேகம் பிடித்தது அங்கேதான்.

ஆட்டுக்குட்டிக்குச் சொந்தக்கார அக்கா அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் வார்த்தாள். "பண்ருட்டியில எவளோ மருந்து வச்சிட்டா. இவரு பலாப்பழம் மேல பழியப் போடுறாரு."

வியாழக்கிழமை மேஸ்திரி பர்மனெண்ட் வேலைக்கான இன்டர்வியூக் கடிதத்தோடு வந்தார். அப்பா அதை வாங்கி ஆட்டுக்குட்டிக்கு விசிறினார். "போனா போவுது மேஸ்திரி. இது மூக்கப் பாருங்க, என்னா சில்லுன்னு இருக்குது."

மேஸ்திரி வாசலில் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். "அடி தலையிலதான் பட்டுதா, இல்ல ஒடம்பு வளைய மாட்டேங்குதான்னு பாரும்மா. திங்கக்கெழம வரலைன்னா இன்னொருத்தன் ரெடியா நிக்கிறான்."

அம்மா என்னைத் தனியாக அழைத்தாள். "பள்ளிக்கூடம் போவாத. உங்கப்பாவ பாத்துகினே இரு. யாரும் இல்லன்னு நெனைக்கிறப்ப நெசமான மூஞ்சி வெளிய வரும்."

மூன்று நாள் பார்த்தேன். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன், விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். தனியாக இருக்கும்போதும் அதே மூஞ்சிதான். எனக்கும் நம்பிக்கை வரவில்லை. என்னை வசமாகப் பிடித்து மொத்தமாக அடிக்கத்தான் இவ்வளவு சிரிக்கிறார் என்று நினைத்தேன். வாய்ப்பாட்டை வேண்டுமென்றே திக்கித் திணறி ஒப்பித்தேன். தலையாட்டினார்.

கடைசியாக ஞாயிற்றுக்கிழமை டோக்கனை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். வெறும் ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முதுகைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"நீதான எடுத்த?"

தலையை ஆட்டினேன்.

"வச்சிக்கோ. வெய்யில்ல புடிச்சா சுவத்துல வெளிச்சம் ஓடும், பாரு."

பிடித்தேன், ஓடியது. ஆட்டுக்குட்டி அதைத் துரத்திப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவரோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

நல்ல சேதியை முதலில் சொல்வதற்காக ஓடினேன். அம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா நடிக்கலம்மா. நெசமாத்தான் இப்படி இருக்குறாரு. டோக்கன எனக்கே குடுத்துட்டாரு."

குழவி நின்றது. "நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

"கோவமே வர்லியா? கையக்கூட ஓங்கலியா?"

"இல்லம்மா."

அம்மா அம்மிமேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். வேஷம் போடாத அப்பா, அடிக்காத அப்பா, இதற்கு எதற்கு அழவேண்டும்? நடிப்பாக இருந்தால் என்றைக்காவது அலுத்துப்போய் நிறுத்திவிடுவார் என்று அவள் நம்பியிருந்தது எனக்கு எங்கே தெரியும்? மிளகாய் கண்ணில் பட்டுவிட்டதென்று நினைத்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

மறுநாள் முதல் சங்கு ஊதியது. அப்பா புரண்டு படுத்தார். அம்மா உலுக்கவில்லை. விலகிக் கிடந்த போர்வையை இழுத்து அவருக்குப் போர்த்திவிட்டாள். டோக்கன் இனி எனக்குத்தான் என்று நான் சந்தோஷமாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.