அப்பாவின் பழைய வேலை

பன்னிரண்டாம் வகுப்பில் மருத்துவத்துக்குத் தேர்வு எழுதுவதென்று நான் முடிவு செய்தபோது, சைகோனில் அமெரிக்கர்கள் போய், கம்யூனிஸ்டுகளிடம் ஆட்சி மாறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கணக்கு, வேதியியல், உயிரியல் என்று மூன்று தாள்கள். என் தோழியும் அதற்கே படித்தாள். பள்ளி விட்டதும், துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். இருவருக்கும் சேர்த்து ஒரே வேதியியல் புத்தகம்தான். நோட்டு வாங்குவது அப்போது பெரும்பாடு. பென்சிலால் கணக்குப் போட்டு, அழித்துவிட்டு, அதே பக்கத்தில் மறுபடியும் போடுவோம்.

அப்பா காரைக்காலிலிருந்து சின்ன வயதிலேயே வந்தவர். துறைமுகத்தில் அமெரிக்கர்களின் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தார். ஆட்சி மாறியபின் வீட்டுக்குப் பக்கத்துப் பாலத்தடியில் உட்கார்ந்து சைக்கிள்களுக்குப் பங்க்சர் ஒட்டினார். அம்மா வியட்நாமியப் பெண். சந்தையில் கீரை விற்றாள்.

விண்ணப்பத்தோடு குடும்ப விவரப் படிவம் ஒன்றும் கொடுத்தார்கள். பழைய ஆட்சியில் பெற்றோர் என்ன வேலை பார்த்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். அதை வைத்து மாணவர்களைப் பிரிவு பிரிப்பார்கள். பிரிவுக்கேற்ப, இடம் கிடைக்கத் தேவையான மதிப்பெண் கூடும், குறையும். தோழியின் அண்ணன் புதிய அரசின் படையில் சேர்ந்து கம்போடிய எல்லையில் இறந்தவன். அவளுக்குக் குறைந்த மதிப்பெண் போதும். எனக்கு எவ்வளவு வேண்டும் என்று வகுப்பாசிரியை சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு மாற்றிக்கொள்ளேன் என்று மட்டும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அப்பா என்னை உட்கார வைத்தார். அம்மாவும் அவரும் முன்னமே பேசி முடித்திருந்தது அவர் குரலிலேயே தெரிந்தது.

"அப்பா எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு, எங்க இருக்காருன்னு தெரியலன்னு எழுதிடும்மா. நான் வேற வார்டுல என் பேரப் பதிஞ்சுக்கிறேன்."

"நீங்க எங்கப்பா போவீங்க?"

"நான் எங்கயும் போவல. பேருதான் போவும்."

இரண்டு நாள் அந்தப் படிவத்தைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள், அமெரிக்கக் கிடங்கில் குமாஸ்தா என்று உள்ளதையே எழுதினேன். துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். படிவத்தில் கையெழுத்துப் போடும் வார்டு அதிகாரி தன் சைக்கிளை அப்பாவிடம்தான் கொண்டுவருவார். மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் இருந்தது. ஆனால் அது மட்டுமில்லை.

"யாராவது கேட்டா அப்பா இல்லன்னு நான் சொல்லணும். என்னால முடியாதுப்பா," என்றேன்.

அவர் படிவத்தை இரண்டு முறை படித்தார். வேலைக்குச் சேர்ந்த வருடத்தைத் தப்பாக எழுதியிருந்தேன். அதை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டுப் பாலத்துக்குக் கிளம்பிப் போனார்.

முடிவு வந்தபோது தோழியைவிட நான் கூடுதலாக வாங்கியிருந்தேன். இடம் அவளுக்குக் கிடைத்தது. அதைச் சொல்ல வந்தவள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போனாள். அவளுக்காகச் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. அதற்குப் பல மாதம் பிடித்தது.

அன்றைக்கு அப்பா வேலைக்குப் போகவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். வேதியியலில் கடைசிக் கணக்கை விட்டுவிட்டேன், மதிப்பெண் அதில்தான் போயிற்று என்று அவரிடம் சொன்னேன். உண்மையில் அந்தக் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தேன். அவர் தலையசைத்தார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு மருந்தாளுநர் பயிற்சிக்கு எழுதினேன். இரண்டே வருடப் படிப்பு, இடம் கிடைத்தது. பிறகு ஓய்வு பெறும்வரை ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.