அத்தை பக்கத்து பிரேக்

என் மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தியவர். ஊரில் கார் ஓட்டுபவர்களில் பாதிப் பேர் அவருடைய வெள்ளைக் காரில்தான் முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். அவர் மனைவியான என் அத்தை, என் தகப்பனாரின் தங்கை, அந்தப் பள்ளியின் அலுவலகமாகவும் தொலைபேசியாகவும் இருந்தவர். குள்ளமான மாணவர்களுக்காக வெவ்வேறு உயரங்களில் திண்டு தைத்து வைத்திருந்தவரும் அவரே. இத்தனை செய்த அத்தை ஒருநாளும் காரை ஓட்டியதில்லை. நிறுத்தியிருக்கிறார். பின்னால் வந்த வம்பு முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைத்தது என்பதால் அதை விளக்கிவிட்டு மேலே செல்கிறேன்.

பயிற்சிக் காரில் ஆசிரியர் அமரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர் தடுமாறினால் ஆசிரியர் அதை மிதிப்பார். பகலெல்லாம் மிதித்து மிதித்து மாமாவுக்குக் கால் ஓய்ந்துவிடும். மாலையில் வீடு திரும்பும்போது அவர் ஓட்டுநர் இருக்கைக்கு மாற, அத்தை ஆசிரியர் இருக்கையில் அமர்வார். "இனிமே நீ பாத்துக்கோ" என்பார் மாமா. அவர் ஓட்டுவார், அத்தை நிறுத்துவார். அந்தக் குடும்பத்தில் கார் என்பது இருவர் செய்யும் வேலை. மாமா தம் அக்காவின் சமையலைப் புகழ்ந்து பேசினால், ஆளில்லாத சாலையிலும் வண்டி ஒருமுறை குலுங்கி நிற்கும்.

நான் தராசு பழுதுபார்ப்பவன். அந்தத் தொழிலை நானாகவே கற்றேன். காரோட்டவும் அப்படியே: ஒரு புத்தகத்தையும், மளிகைக் கடைக்காரர் இரவல் தந்த சரக்கு வண்டியையும் வைத்து. சொந்தக்காரர்களில் மாமாவிடம் கற்காதவன் நான் ஒருவனே. என் உரிமத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புஸ்தகத்துல பள்ளமெல்லாம் போட்டிருந்தானா?" என்று மட்டும் கேட்டார்.

மாமா காலமானதும் பள்ளி மூடப்பட்டது. அத்தை திண்டும் இருக்கை உறையும் தைத்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கத் தொடங்கினார். அந்த மூட்டைகளோடு பேருந்தில் ஏறினால் நடத்துநர் இறக்கிவிடுவார். ஆகவே அவருக்குக் கார் வேண்டும். காருக்கு ஆள் வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் அத்தை மகள் தொலைபேசியில், "அத்தான், நீங்கதான் அம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டு வரணும்" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

முதல் நாளே அத்தையிடம் சொன்னேன்: காப்பீடு மாமாவின் பெயரில், பயிற்சி வாகனம் என்ற வகையில் இருக்கிறது; உடனே நிறுவனத்துக்குத் தெரிவித்து மாற்ற வேண்டும்.

"வண்டி அதேதானே? இன்ஷூரன்ஸ் வண்டிக்கா, ஆளுக்கா?"

"ரெண்டுக்கும், அத்தை."

"மாமா பணம் கட்டியிருக்காரு. காலமும் முடியல. சும்மா இருடா."

கார் வாரிசுக்கு வந்து சேரும். காப்பீடு தானாக வந்து சேராது. இதை எழுத்தில் விளக்கி அவரிடம் கொடுத்தேன். திண்டுக்கு அளவு வெட்டிய காகிதங்களுக்கு நடுவே பிறகு அதைக் கண்டேன், வட்டமாக. படி என்னிடம் இருக்கிறது.

சம்பவம் நடந்தது கடைவீதி சிக்னலில். பச்சை விழுந்தது. நான் விதிப்படி வண்டியை நகர்த்தினேன். நடைபாதை ஓரத்தில் ஒரு முதியவர் குனிந்தார். அத்தை மிதித்தார். பின்னால் வந்த ரொட்டி வண்டி எங்கள் டிக்கியில் மோதியது.

ரொட்டி வண்டிக்காரர் இறங்கி வந்தார். "பச்சை விழுந்தா போவாங்க. நீங்க என்ன, நின்னு வணக்கம் வெக்கிறீங்களா?"

"அந்தப் பெரியவரு ரோட்டுல கால் வெச்சாரு" என்றார் அத்தை.

"நான் எங்கம்மா வெச்சேன்?" என்றார் முதியவர். "செருப்பு வாரை மாட்டிக்கிட்டிருக்கேன்."

"எதுக்கு அத்தை மிதிச்சீங்க? நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காப்பீட்டு அலுவலகத்தில் விபத்தை விவரிக்கச் சொன்னார்கள். "ஓட்டுநர் பிரேக் போட்டபோது" என்று எழுதினால் போதும் என்று பக்கத்தில் இருந்தவர் யோசனை சொன்னார். நான் அப்படி எழுதவில்லை. பிரேக்கை மிதித்தவர் ஓட்டுநர் அல்லர், அருகில் அமர்ந்திருந்த என் அத்தை என்று எழுதி, இரு பிரேக்குகளும் இருக்கும் இடங்களைப் படமாகவும் வரைந்து இணைத்தேன்.

அதிகாரி ஒரு பெண்மணி. பொறுமையாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், பாலிசி இறந்தவர் பேர்ல இருக்கு. பயிற்சி வண்டின்னு இருக்கு, ஆனா பயிற்சி நடக்கல. ஓட்டினது ஒருத்தர், நிறுத்தினது இன்னொருத்தர். நிறுத்தினவங்களுக்கு லைசென்ஸே இல்ல. இதுல எந்தக் காரணத்தைச் சொல்லி நான் நிராகரிக்கட்டும்?"

எல்லாக் காரணங்களையும் சொல்லியே நிராகரித்தார். அன்று மாலை அத்தை மகள் அழைத்தாள். "உண்மையச் சொல்ல வேணாம்னு நான் சொல்லல அத்தான். படம் எதுக்கு வரைஞ்சீங்க?"

சொந்தக்காரர்களிடம் அத்தை இதைச் சுருக்கமாகச் சொன்னார்: "இவன் வண்டிய இடிச்சுட்டான்." பின்னால் வந்த வண்டி இடித்து நசுங்கிய டிக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் எப்படி இடித்தவன் ஆவான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த முறை அத்தையையும் அழைத்துப் போனபோது அதிகாரி வழியையும் சொன்னார். மகளின் சம்மதத்தோடு காரை அத்தையின் பெயருக்கு மாற்ற வேண்டும். சொந்த உபயோகக் கார் என்று வகை மாற்ற வேண்டும். யார் யார் ஓட்டுவார்கள் என்று தெரிவிக்க வேண்டும். பக்கத்து பிரேக்கைக் கழற்ற வேண்டும். அதுவரை கார் சாலைக்கு வரக்கூடாது. முதல் மூன்றுக்கும் அத்தை தலையாட்டினார். நான்காவதில் நிமிர்ந்தார்.

"ஏம்மா, பிரேக் கூட ஒண்ணு இருந்தா நல்லதுதானே? கம்மியா இருக்கட்டும்னு எந்த ஊர்ல சொல்லுவாங்க?"

"மிதிக்கிறவங்களுக்கு லைசென்ஸாவது இருந்தா மேல கேட்டுப் பாக்கலாம்மா" என்றார் அதிகாரி. மறுக்க மனமில்லாமல் சொன்ன சொல் அது. அத்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது பேருந்தில், நடத்துநர் இறக்கிவிடாதபடி அவர் மடியில் ஒரு மூட்டை, என் மடியில் ஒரு மூட்டை. திண்டுகளுக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன.

"எனக்கு லைசென்ஸ் எடுக்கணும்டா."

"ஓட்டவா அத்தை?"

"ஓட்டறதுக்கு நீ இருக்கியே. மிதிக்கத்தான்."

சாலையில் ஓட்டக் காப்பீடு இல்லை. ஆகவே தானியக் கிடங்கின் பின்புறத் திடலைப் பயன்படுத்த, கிடங்குக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன். அவருடைய தராசுகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றோம். உள்ளதில் உயரமான திண்டைப் போட்டு அத்தை ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். வாழ்நாளில் முதல்முறையாக நான் அவருடைய இடத்தில் அமர்ந்தேன்.

தேவைப்பட்டபோது மட்டுமே நான் மிதித்தேன். தேவை அடிக்கடி ஏற்பட்டது.

"எதுக்குடா மிதிச்சே?"

"சுவர் வருது அத்தை."

"சுவரு எங்கடா வரும்? நாமதான் போறோம். நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

சிக்னலில் நான் சொன்ன அதே வார்த்தைகள். எனக்கு நினைவிருந்தது, அவருக்கு இல்லை. அடுத்த திருப்பத்தில் மறுபடி மிதித்தேன். அங்கே ஒரு சாக்கு வண்டி நின்றது. அதற்கடுத்து ஒரு கோழி.

கோழிக்குப் பிறகு அத்தை வண்டியை அணைத்தார். இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, என் கதவைத் திறந்து, என் காலடியில் இருந்த பிரேக்கைக் குனிந்து பார்த்தார். தம் கால் பட்டுத் தேய்ந்து பளபளத்த அதை அவர் அதுவரை மேலேயிருந்து மட்டுமே பார்த்திருக்கிறார்.

"இது இங்க இருந்தா மனுஷன் வண்டி ஓட்ட முடியாதுடா."

நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"உங்க மாமா எப்படி ஓட்டினாரு?"

"உங்ககிட்ட அவரு ஏதாவது சொல்லியிருக்காரா?"

"ஒருநாளும் ஒண்ணும் சொன்னதில்ல." பிரேக்கைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "அக்கா சமையலப் பத்திப் பேசறத மட்டும் நிறுத்திட்டாரு."

மறுநாள் அவரே மெக்கானிக்கை வரவழைத்தார். "டீச்சரம்மா, கழட்டினா மறுபடி மாட்ட முடியாது. யோசிச்சுக்குங்க" என்றார் மெக்கானிக்.

"யோசிச்சாச்சு. கழட்டுப்பா. முழுசாக் கொண்டா, தையல் ரூம் கதவு காத்துக்கு அடிச்சுக்கிட்டே இருக்கு."

இப்போது அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பது அதுதான்.

தேர்வு மையத்தின் காரில் ஓட்டிக்காட்டி அத்தை உரிமம் பெற்றார். நிறுத்துவதில் குறையே காணமுடியவில்லை என்றாராம் தேர்வாளர். பதிவு அவர் பெயருக்கு மாறியது. மகளின் சம்மதம் வந்தது. எல்லாவற்றையும் வரிசைப்படி அடுக்கி அதிகாரியின் மேசைமேல் வைத்தேன். அவர் முதலில், "படம் இருக்கா சார்?" என்று கேட்டார். இல்லை என்றதும் மேற்கொண்டு படித்தார்.

"சரி. வண்டிய யாரு ஓட்டுவாங்க?"

"நான்தான்" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்தார். "இவன் பேரையும் ரெண்டாவதாப் போட்டுக்குங்க. அவசரத்துக்கு."

புதிய பாலிசியில் என் பெயர் இரண்டாவதாகவே அச்சாகியிருக்கிறது. படி என்னிடம் இருக்கிறது. டிக்கியின் நசுங்கல் மட்டும் அப்படியே உள்ளது. பழைய விபத்துக்குப் புதிய பாலிசி பொறுப்பேற்காது. பார்ப்பவர்களிடம் அத்தை இன்னமும், "அது இவன் இடிச்சது" என்கிறார்.

பாலிசி கைக்கு வந்த அன்றே கடைகளுக்குப் புறப்பட்டோம். அத்தை திண்டின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். நான் அவருடைய பழைய இடத்தில், மடியில் மூட்டையோடு. கடைவீதி சிக்னலில் பச்சை விழுந்தது. நடைபாதை ஓரத்தில் யாரோ ஒருவர் குனிந்தார். என் கால் தானாகவே தரையை ஓங்கி மிதித்தது. கார் நிற்காமல் அவரைக் கடந்து சென்றது.

அத்தை சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செருப்பு மாட்டறாருடா" என்றார்.