அஞ்சலையைத் தேடிப் போன சாவு வீடுகள்

எங்கள் தெருவுக்கு அதன் பழைய பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காக என் மாமா ஒரு வருஷத்துக்கு மேல் சாவு வீடுகளாக ஏறி இறங்கினார். கூடவே என்னையும் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மற்றப் பிள்ளைகள் சினிமாக் கொட்டகைக்கும் பீச்சுக்கும் போய் வந்த கதையைச் சொல்வார்கள். நான் போனதெல்லாம் இழவுக்குத்தான்.

நான் வாழ்க்கைப்பட்டதும் இதே தெருவில்தான். போன மாதம் ஒரு பெண்ணும் ஒரு பையனும் கழுத்தில் கேமராவோடு வந்து, பழைய குடும்பங்களையும் தெருப் பெயர்களையும் பற்றி வீடு வீடாக விசாரித்தார்கள். "அஞ்சலைன்றது யாரு பாட்டி?" என்று அந்தப் பெண் என்னைத்தான் கேட்டாள். புது ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சும்மா சிரித்துவைத்தேன். மருமகள், "அவங்களுக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தெரியாதாம். ஐந்தாவது வரை படித்த எழுத்து இன்னும் கையில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நெமிலிச்சேரிப் பக்கம் எங்கள் ஊர். தெருமுனையில் ஒரு கிணறு உண்டு. சித்திரையில் ஊர்க் கிணறெல்லாம் வற்றினாலும் அது வற்றாது. அதற்கு அஞ்சலைக் கிணறு என்று பெயர். தெருவுக்கு அஞ்சலைக் கிணற்றுத் தெரு என்று பெயர். அஞ்சலை யார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க ஒரு வெளியூர்க்காரர் வர வேண்டியிருந்தது.

மாமாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஆவடி ஃபேக்டரியில் வேலை கிடைத்து வந்தவர், என் அத்தையைக் கட்டிக்கொண்டு, குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் என்று எங்கள் வீட்டில் தங்கினார். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவர் போகவில்லை. பார்க்கிற மேடு, பள்ளம், மரம் எல்லாவற்றுக்கும் ஏன் இந்தப் பெயர் என்று கேட்பது அவர் வழக்கம். ஊரில் அதற்குப் பதில் சொல்லி அலுத்துப்போயிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்தில் எல்லாத் தெருவுக்கும் பெயர்ப் பலகை வைப்பது என்று முடிவானது. எங்கள் தெருவில் பெரிய வீடு என்று ஒரு குடும்பம். நிலம், லாரி எல்லாம் உள்ளவர்கள். கிணற்றை வெட்டியது தன் தாத்தா, அதனால் தெருவுக்கு அவர் பெயர்தான் என்று பெரிய வீட்டுக்காரர் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். டீக்கடையில் மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அப்பம் அஞ்சலைங்கது யாரு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

பெரிய வீட்டுக்காரர் கிளாசைக் கீழே வைத்தார். "நேத்து ரயில்ல வந்து எறங்கின ஆளு நீ. எங்க தாத்தா வெட்டின கெணத்துல தண்ணி குட்ச்சிக்கினு எங்களையே கேள்வி கேட்டுக்கினு கீறியா? உங்க ஊர்ல போயி உங்க தாத்தா இன்னா வெட்னாருன்னு தேடு நைனா."

கடை முழுக்கச் சிரித்தார்களாம். என் அப்பாவும் அங்கே இருந்தார். தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தாராம். மாமா வீட்டுக்கு வந்து கைகால் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தெருவின் பெயர் மட்டுமா அது? இந்த ஊரில் அவர் வாய் திறக்கலாமா கூடாதா என்பதும் அதற்குள் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து ஆண்களிடமெல்லாம் விசாரித்தார். ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். அஞ்சலை சாராயம் விற்றவள் என்றார் ஒருவர். கிணற்றில் விழுந்து பேயானவள் என்றார் இன்னொருவர். கோயில் பூசாரி யோசித்துப் பார்த்துவிட்டு, அது ஒரு பசு மாட்டின் பெயர், நல்ல கறவை என்றார்.

பிறகு ஒரு நாள் எங்கள் தெருக்கோடியில் ஒரு கிழவி இறந்துபோனாள். மாமா ஆண்களோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். அந்த அழுகைக்குள்ளிருந்து அஞ்சலை என்ற பெயர் அவர் காதில் விழுந்தது. எழுந்து வாசல் வரைக்கும் ஓடினார். ஆண்பிள்ளையைப் பார்த்ததும் பெண்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கண் என் மேல் விழுந்தது. என்னை ஊமை என்றுதான் தெருவில் கூப்பிடுவார்கள். நான் ஒரு இடத்தில் இருக்கிறேனா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது. இந்த வேலைக்கு என்னைவிடத் தோதான ஆள் எங்கே கிடைப்பாள்?

"ஏட்டி, பொம்பளையளுக்கு நடுவுல போயி உக்காந்துக்க. அஞ்சலைன்னு வந்துச்சுன்னா அந்த வரிய அப்படியே மனசுல வாங்கிக்க. அழுகை வந்தா அழு, ஆனா வரிய விட்டுராத" என்றார்.

எங்கள் தெருவில் சாவு அடிக்கடி விழவில்லை. அதற்கு மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் தெருப் பெண்கள் எந்தெந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார்கள் என்று அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மாங்காடு, ஐயப்பன்தாங்கல், பூந்தமல்லி. அங்கே எந்த வீட்டில் சாவு என்றாலும் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். போகிற இடத்திலெல்லாம் அவரை மிகவும் இளகிய மனசுக்காரர் என்று நினைத்தார்கள். ஒரு வீட்டில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, நீங்க எந்த வழியில சொந்தம் என்று கேட்டார்களாம்.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "கல்யாணத்துக்குக் கூப்ட்டா தலைவலின்னு படுத்துக்குவாரு. சாவுன்னா சட்டைய இஸ்திரி போட்டுக்கினு மொத ஆளா நிப்பாரு. இதுல கொயந்தைய வேற இட்டுக்கினு" என்று என் அம்மாவிடம் புலம்புவாள்.

திரும்பி வருகிறபோது கேட்டதைக் கேரியரில் உட்கார்ந்தபடி நான் அவருக்குப் பாடிக் காட்ட வேண்டும். யார் முன்னாலும் வாய் திறக்காத எனக்கு அவர் முதுகைப் பார்த்துப் பாடுவது சுலபமாக இருந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டு, அந்த வியர்வை ஈரத்தைப் பார்த்தபடி, சத்தமாகவே பாடுவேன். எதிரே ஆள் வந்தால், "மெதுவா பாடு, சைக்கிளு ஒப்பாரி வைக்குதுன்னு நினைப்பாவ" என்பார்.

எல்லா ஊரிலும் கிடைத்தது ஒரே பாட்டுதான்.

அறுத்த தாலிய வித்து
ஆழக் கெணறு வெட்டி
ஊரு தாகம் தீத்தாளே அஞ்சல – அவ
ஊத்துத் தண்ணி கொண்டாந்தோம் எழுந்திரும்மா

எங்கள் தெருவில் பிணத்தைக் குளிப்பாட்ட அந்தக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் எடுப்பது வழக்கம். வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில் பெண்கள் வேறு தண்ணீரை வைத்துக்கொண்டு இதே பாட்டைப் பாடினார்கள். "தாய் வீட்டுப் பாட்டு மகளோட போயிருக்கு, பாத்தியா. இத்தனை ஊர்ல ஒரே வரி வருதுன்னா அது பொய்யா இருக்காது" என்று மாமா சைக்கிளை மிதித்துக்கொண்டே சொன்னார். கணவன் செத்ததும் கழற்றின தாலியை விற்றுக் கிணறு வெட்டியிருக்கிறாள் ஒருத்தி. பிள்ளை இல்லை போலிருக்கிறது, அவளுக்காகப் பேச ஒரு குடும்பமும் மிஞ்சவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அந்த நாலு வரி முடிந்ததும் வயதான பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சட்டென்று வேறு பாட்டுக்குத் தாவிவிடுவார்கள்.

பலகை திறக்கிற நாள் வந்தது. கிணற்றடியில் பந்தல் போட்டு, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்தார்கள். பெரிய வீட்டுத் தாத்தாவின் பெயரை எழுதி, மேலே மஞ்சள் துணி போர்த்தியிருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பெண்கள் பக்கத்தில் முன் வரிசையில், பெரிய வீட்டுக்காரரின் அம்மா வெற்றிலை மென்றபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. அவள் பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் பெரிய வீட்டு அம்மாதான்.

தலைவர் ஒப்புக்காக, "யாருக்கும் ஆட்சேபணை இல்லியே?" என்றார். மாமா கையைத் தூக்கினார்.

"வந்துட்டாருடா நம்ம ரயில் மாமே" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்.

மாமா தாலி விற்ற கதையைச் சொன்னார். பெரிய வீட்டுக்காரர், "ஆதாரம் இன்னா?" என்றார். "பாட்டு" என்றார் மாமா. "அப்ப பாடு, கேப்போம்" என்றார் அவர். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அவருக்குப் பாட்டு வராது. அதிலும் ஒப்பாரியைத் திருநெல்வேலிப் பேச்சில் பாடினால் எப்படி இருக்கும்? பந்தலே குலுங்கிச் சிரித்தது. தலைவர் துணியை எடுக்கக் கையை நீட்டிவிட்டார்.

மாமா விறுவிறுவென்று நான் இருந்த இடத்துக்கு வந்தார். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டினார்.

எனக்கு அந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

அறுத்த தாலிய வித்து என்று முதல் வரி வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது. இரண்டாவது வரிக்கு யாரோ, "நல்ல நாளும் அதுவுமா ஒப்பாரி வெக்கிது பாரு இந்தப் பொண்ணு" என்றார்கள். என் அம்மா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தாள். ஒப்பாரியை நல்ல காரியத்தில் பாடக்கூடாது என்று எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். ஆனால் ஆரம்பித்ததை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. நாலு வரியையும் முடித்துவிட்டேன். அம்மாவின் கை அப்படியே நின்றது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, உடைந்த, ஆனால் உறுதியான ஒரு குரல், நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்காத அடுத்த வரிகளைப் பாடியது.

பெரிய ஊட்டுக் கொடமெல்லாம்
பின்னால வரிசையில
காத்திருந்து மொண்டதம்மா அஞ்சல – அவ
கண்ணுத் தண்ணி போல வந்த ஊத்தும்மா

பெரிய வீட்டு அம்மா. மகனைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துப் பாடினாள். இரண்டாம் தடவை பாடியபோது, அவளுக்குப் பின்னாலிருந்த கிழவிகள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் அந்த வரிகள் தெரிந்திருந்தன.

"அம்மா, இன்னா பண்றே நீ?" என்றார் மகன்.

"பாட்டு வந்துச்சுப்பா. எடுத்துட்டா நடுவுல உட முடியுமா?" என்றாள் அவள்.

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க ஊட்டு அம்மாவே சொன்னப்புறம் நான் இன்னாத்த சொல்றது?" என்றார். மஞ்சள் துணி அவிழாமலே பலகை கீழே இறங்கியது. தாத்தாவுக்கு வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையை மாமா கிணற்று ராட்டினத்தில் போட்டார். பெரிய வீட்டு லட்டில் முதல் லட்டு என் கைக்குத்தான் வந்தது. மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தார். டீக்கடைக்காரர் கடையைவிட்டு இறங்கி வந்து, "நம்ம ஊர் மாப்ளே, டீ சாப்ட்டுப் போ" என்றார். நம்ம ஊர் என்று மாமாவை முதலில் சொன்னவர் அவர்தான்.

அடுத்த வாரம் அஞ்சலைக் கிணற்றுத் தெரு என்று பலகை வந்தது. கிணற்றுக்கு இப்போது இரும்புக் கம்பி போட்டு மூடிவிட்டார்கள். பலகை மூன்று முறை மாறிவிட்டது. பெயர் மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஊமை என்ற பெயர் போய் ஒப்பாரி என்ற பெயர் வந்தது. முந்தியதற்கு அது எவ்வளவோ தேவலை.

பாட்டுதான் அந்த அம்மாளை இழுத்துவிட்டது என்று மாமா கடைசிவரைக்கும் எல்லோரிடமும் சொல்வார். பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டதாம். ஊரும் அப்படியே நம்பியது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆனால் அன்றைக்கு மாமா முதுகுக்குப் பக்கவாட்டில் நான் ஒன்றைப் பார்த்தேன். என் பாட்டு முடிந்ததும் பெரிய வீட்டு அம்மா வாயிலிருந்த வெற்றிலையைக் கையில் எடுத்தாள். அதை நாற்காலிக்குக் கீழே போட்டாள். முந்தானையால் உதட்டை நிதானமாகத் துடைத்தாள். பிறகுதான் மகன் இருந்த திசையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடினாள். பார்த்தேனே தவிர, அது என்ன என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. நாற்பது வருஷம் புகுந்த வீட்டில் வாயை மூடியே வாழ்ந்த பிறகுதான் விளங்கியது. வாய் தானாகத் திறக்கவே திறக்காது.