கடலையோடு வெந்த பூவிதைகள்

போன வாரம் பதுளைக் கடைத்தெருவுக்குத் தேங்காய் துருவி வாங்கப் போனேன். துருவியைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு போவது என் வழக்கம். அது ஒரு நாளும் நடந்ததில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் விதைப் பாக்கெட்டுகள் தொங்கின. ஒன்றில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சுவீட் பீ பூக்கள். படத்தைப் பார்த்ததுமே மூக்கில் வாசம் வந்துவிட்டது. “அது நம்ம பதுளைச் சூட்டுக்கு வராதும்மா, அப்புத்தளைப் பக்கம்னா ஜோரா வரும்” என்றார் கடைக்காரர். அப்புத்தளைப் பக்கம் அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா? துருவியை மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த வாசத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? தேனில் தோடம்பழத் தோலை, ஆரஞ்சுத் தோலைத்தான் சொல்கிறேன், போட்டு வைத்த மாதிரி இருக்கும். அம்மா தேயிலைத் தோட்டத்துத் தொரை பங்களாச் சமையலறையில் வேலை செய்தார். பூச்சாடியில் வாடிப்போன அந்தப் பூக்களைக் குப்பையில் போட மனம் வராமல் கொண்டையில் சொருகிக்கொண்டு வருவார். வாடின பூவே இப்படி மணந்தால் வாடாத பூ எப்படி மணக்கும் என்று ஏங்கியே வளர்ந்தவள் நான். ஆசிரியை வேலை கிடைத்து, அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க ஓர் அறையும் கிடைத்ததும் முதலில் வாங்கியது அந்த விதைதான். பங்களாப் பூ என் வாசலிலும் பூக்க வேண்டும். அதை ஆசை என்று சொல்லிக்கொண்டேன். பாதிக்கு மேல் திமிர்தான்.

அந்த விதைக்குத் தோல் கெட்டி. ஒரு நாள் ஊறவைத்தால்தான் முளைக்கும். பாக்கெட்டில் பாதியை, சரியாக இருபத்திரண்டு விதைகளை, எண்ணி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். இதைச் சாப்பிடக் கூடாது, நஞ்சு என்று பாக்கெட்டின் பின்பக்கம் சிவப்பில் அச்சடித்திருந்தது. பூவிதையை யார் சாப்பிடப் போகிறார்கள் என்று சிரித்தது நினைவிருக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாணி விழா, சரஸ்வதி பூசை. என்னோடு தங்கியிருந்த செல்வராணி டீச்சர் படையலுக்குக் கடலை ஊறவைத்திருந்தார். அவருடைய சட்டிக்குப் பக்கத்தில் என் டம்ளர்.

பூசை முடிந்து, பிள்ளைகளுக்கு எழுதித் தீர்ந்த கொப்பித் தாளில் கடலையைச் சுருட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, விதை நடலாம் என்று அறைக்கு வந்தேன். டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது.

“அந்தக் கறுப்புக் கடலையா? நீங்க மறந்துட்டீங்கன்னு நான்தான் சட்டியில சேத்துட்டேன்” என்றார் செல்வராணி, உதவி செய்துவிட்ட சந்தோஷத்தில்.

அது பூவிதை, நஞ்சு என்றேன். சட்டியில் மிஞ்சியதைக் கொட்டிப் பொறுக்கினோம். ஒன்பது இருந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் பாதியைத் தம்பி தங்கைக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் பாசத்தை நம்பி இருவரும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினோம். “கடலையில கல்லு கெடக்குது, குடுங்க பாத்துத் தர்றோம்” என்று வாசல் வாசலாகப் பொய் சொன்னோம். ஐந்து கிடைத்தன. பிறகு எத்தனை தரம் எண்ணினாலும் எட்டு குறைந்தது. “என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்று கேட்டார் யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர். தலையிடி என்றேன். எட்டு விதையும் எட்டு வயிற்றில் இருந்தால் என்ன, ஒரே வயிற்றில் இருந்தால் என்ன என்று மனம் போட்டுக்கொண்டிருந்த கணக்கு, நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எந்தக் கணக்கிலும் சேராது.

காலையில் இடாப்புக் கூப்பிட்டபோது எல்லாரும் “வந்தேன் டீச்சர்” என்றார்கள், இரண்டாம் வகுப்புக் கௌசல்யா ஒருத்தியைத் தவிர. சோக்கட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாக்கில் சுருண்டு கிடந்தாள். அவளுடைய அம்மா ராக்கம்மா வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“நேத்துக் கடலையில கறுப்பா ஏதாச்சும் இருந்திச்சா கண்ணு?”

“ஆமா டீச்சர். கசந்திச்சு.”

“துப்பியிருக்கலாம்ல?”

“சாமிக்குப் படைச்சதத் துப்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. முழுங்கிட்டேன்.”

அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடந்தேன். ஏற்றத்தில் ராக்கம்மா, “குடுங்க டீச்சர், நான் தூக்குறேன்” என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் கொடுக்கவில்லை. ராக்கம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டரய்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நாலஞ்சு வெதையில ஒண்ணும் ஆகாதும்மா. இருந்தாலும் பொழுது சாயுற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்” என்றார். வாசலுக்கு வந்து ராக்கம்மாவிடம் வயிற்றில் வாயு என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். மூன்று மணிக்குக் கௌசல்யா எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ராக்கம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பெத்தவளுக்கு மேல ஓடியாந்தீங்களே டீச்சர்.” அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

பாக்கெட்டில் மிச்சமிருந்த பாதி விதைகளைத் தூக்கி எறிந்திருக்கலாம். என் புத்திக்கு அது தோன்றவில்லை. ஊறவைத்து, டம்ளரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, மறுநாள் விரலளவு பள்ளம் கிள்ளி நட்டேன். சவுக்குக் குச்சி ஊன்றி நூல் கட்டினேன். அப்புத்தளைப் பனியில் கொடி மடமடவென்று ஏறியது. தை மாதம் பூத்தது, வாசம் பள்ளிக்கூடம் வரைக்கும் போனது. எனக்கோ காய்களைப் பற்றித்தான் பயம். பார்ப்பதற்குச் சாப்பிடும் பட்டாணி மாதிரியே இருக்கும். தினமும் காலையில் எழுந்ததும் பிஞ்சுக் காயை எல்லாம் தேடித் தேடிக் கிள்ளி அடுப்பில் போடுவேன். காயைக் கிள்ளக் கிள்ள அந்தக் கொடி இன்னும் பூக்கும் என்பது எனக்குத் தெரியாது. நான் பயந்து பயந்து கிள்ள, பூ வேலியை மூடிவிட்டது. “டீச்சரோட கை ராசி” என்று தோட்டமே பேசியது. ராக்கம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து மகளுக்கு இரண்டு பூ கேட்டு வாங்கிப்போவார். வகுப்பில் கௌசல்யா குனிந்து எழுதும்போதெல்லாம் அந்த வாசம் என்னிடம் வரும். அதற்கடுத்த வருடமே மாற்றலுக்கு விண்ணப்பித்தேன்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகத் திரும்ப அந்தத் தோட்டத்துக்குப் போனேன். ராக்கம்மாவிடம் இந்தத் தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வாக்கியங்களை உருப்போட்டுக்கொண்டே போனேன். லயத்தை உடைத்துத் தனித்தனி வீடுகள் கட்டியிருந்தார்கள். நாங்கள் தங்கிய அறை இருந்த இடத்தில் தண்ணீர்த் தாங்கி நின்றது. கௌசல்யா கொழும்பில் இருக்கிறாளாம். ராக்கம்மாவின் வீடு எது என்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

“அது போய்ச் சேந்து மூணு வருசமாச்சே. நீங்க அந்தப் பழைய டீச்சரா? எம்புள்ள உசுரக் காப்பாத்துன டீச்சருன்னு சாகுற மட்டும் ஒங்களையேதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு.”

ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.