தண்ணீர் ஊற்றியபோது

பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுக்காத அம்மா எங்கள் கடற்கரைத் தெருவில் ஒருத்தியும் கிடையாது. ஆனால் பெற்ற பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஞானஸ்நானம் கொடுக்கக் கற்றுக்கொடுத்தவள் எங்கள் அம்மா மட்டும்தான். ஞானஸ்நானம் கொடுப்பது சாமியார் வேலை. இருந்தாலும் ஓர் உயிர் ஆபத்தில் இருக்கும்போது சாமியார் பக்கத்தில் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். யார் வேண்டுமானாலும் என்பதில் நான்காம் வகுப்புப் படிக்கிற பெண்ணும் அடக்கம் என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

அப்பா கொழும்பிலிருந்து எனக்கு ஒரு ரப்பர் பொம்மை கொண்டுவந்திருந்தார். சில நாட்களில் மாலைச் செபமாலை முடிந்ததும் அம்மா அந்தப் பொம்மையை மடியில் கிடத்திக்கொண்டு என்னையும் தங்கையையும் தம்பியையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். நெற்றியில் தண்ணீர் ஓட வேண்டும். விரலை நனைத்துத் தடவினால் செல்லாது. தண்ணீர் ஓடுகிற அதே நேரத்தில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவர் பெயரையும் சொல்ல வேண்டும். ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்றி இன்னொருவர் சொன்னால் அதுவும் செல்லாது. முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்ற வேண்டும். தங்கை ஒருநாள், செத்துப்போனவர்களுக்கு ஊற்றலாமா என்று கேட்டாள்.

"செத்த பொறவு ஊத்துனா அது வெறும் தண்ணி" என்றாள் அம்மா.

நாங்கள் மூவரும் மாறி மாறிக் கொடுத்த ஞானஸ்நானத்தில் பொம்மையின் நெற்றிச் சாயம் வெளுத்துப்போனது. தம்பி அதோடு நிற்காமல் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் கொடுத்துவிட்டு, முழங்கையில் கீறலோடு வந்து நின்றான்.

"ஏலே, பூனைக்கு ஆத்துமா கெடையாதுலே!" என்று அம்மா கையை ஓங்கினாள்.

"அப்பம் அது எதுக்கு தெனமும் பூசைக்கு வருது?" என்றான் அவன்.

ஓங்கிய கையால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோயில் முற்றத்தில் மீன் விற்கிற கூடைகள் இறங்கும் என்பதும் பூனை அதற்காகவே வரும் என்பதும் ஊருக்கே தெரியும்.

இந்தப் பயிற்சிக்குக் காரணம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். பிறந்து, அழுது, சாமியாரைக் கூட்டிவரப் போன ஆள் திரும்புவதற்குள் இறந்துபோனான். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவருக்கும் தண்ணீர் ஊற்றத் தோன்றவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்துக்குள் அடக்கம் செய்கிற வழக்கம் அன்று எங்கள் ஊரில் இல்லை. மதிலுக்கு வெளியே, உடைமரங்களுக்கு நடுவே அவர்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. அங்கே சிலுவை நடுவதில்லை. கல்லறைத் திருநாளன்று எல்லாக் கல்லறைகளிலும் மெழுகுவர்த்தி எரியும்போது அம்மா கடைசியாக மதிலோரம் போய் நிற்பாள். "அங்கன ஒங்க அண்ணன் கெடக்கான்" என்பாள். அவன் மோட்சத்தில் இருக்கிறானா என்று நான் ஒருமுறை கேட்டேன். அம்மா தங்கையின் பாவாடையில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டத் தொடங்கினாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இப்போது எங்கள் ஊரில் அப்படிப் பிரிப்பதில்லை. சாமியாரே வந்து செபம் சொல்லி உள்ளேயே அடக்கம் செய்கிறார். நான் எழுதுவது அதற்கு முந்தைய காலம்.

அம்மாவின் இன்னொரு சட்டம், பொய் சொல்லக் கூடாது என்பது. மாலைச் செபத்தின் முடிவில் மாதா சுரூபத்துக்கு முன் முழந்தாளில் நின்று அன்றைய குற்றங்களை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்கிறவர்களுக்கு அடி கிடையாது. கருப்பட்டியைத் திருடித் தின்றதை ஒப்புக்கொண்டதற்காகத் தம்பிக்கு இன்னொரு துண்டு கருப்பட்டி கிடைத்தது. மறுநாள் அவன் திருடாத கருப்பட்டியையும் ஒப்புக்கொண்டான். உண்மை என்பது எங்கள் வீட்டில் அப்படி ஒரு பத்திரமான இடமாக இருந்தது.

முதல்முறையாக நற்கருணை பெறும் புதுநன்மையை நான் வாங்கிய வருடம் அம்மா மறுபடியும் உண்டாகியிருந்தாள். அப்பாவுக்குத் தோணியில் வேலை. சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனால், காற்றும் துறைமுகமும் எப்போது விடுகின்றனவோ அப்போதுதான் திரும்புவார். அவர் அங்கே இருந்தபோது ஒரு பிற்பகலில், மாதம் நிறைவதற்கு வெகு முன்பே அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. அன்று நல்ல மழை என்று அத்தை பின்னாட்களில் சொல்வாள். எனக்கு மழை நினைவில் இல்லை. வாசற்படியில் ஈரச் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது. அத்தை அப்பாவின் அக்கா, அடுத்த வீடு. தங்கையையும் தம்பியையும் தன் வீட்டுக்கு விரட்டிவிட்டு நர்ஸம்மாவைக் கூட்டிவர ஓடினாள். "அம்மையப் பாத்துக்கிட்டு இங்கனயே இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம்.

அத்தை திரும்புவதற்குள் பிள்ளை வந்துவிட்டது.

இன்னொரு தம்பி. மிகச் சிறியவன். உடம்பெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. அம்மா அவனைத் தன் வயிற்றின் மேல் எடுத்துப் போட்டு முதுகைத் தேய்த்தாள். வாயைத் துடைத்தாள். காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள். மறுபடியும் தேய்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "தண்ணி எடுத்துட்டு வாளா" என்றாள்.

செம்பில் மொண்டு வந்தேன். என்ன பெயர் என்று கேட்டேன், அம்மா சொன்னாள். அந்தப் பெயரை எங்கள் குடும்பத்தில் பிறகு யாருக்கும் வைக்கவில்லை. இங்கும் நான் எழுதவில்லை. நெற்றியில் தண்ணீரை ஓடவிட்டு, அது ஓடுகிற நேரத்திலேயே மூவர் பெயரையும் சொன்னேன். ஒரு வார்த்தையும் பிசகவில்லை. கண்ணை எடுக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செம்பைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்களை மூடியிருந்தாள்.

நர்ஸம்மா வந்ததும் குனிந்து அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு அவனைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு அம்மாவைக் கவனிக்கத் தொடங்கினார்.

அத்தை என் கையைப் பிடித்துக் குசினிக்குள், அடுப்புப் பக்கம், இழுத்துப் போனாள்.

"உபதேசியாருக்கு ஆள் போயிருக்கு. வருவாரு. கேட்டா, லேசா அழுதான்னு சொல்லு. வெளங்குதா?"

"அழலியே அத்தை."

"அழுதான்னு சொன்னா யாருக்குளா நட்டம்? ஒங்கம்மை எத்தன புள்ளையதான் மதிலுக்கு வெளிய போடுவா?"

அது எனக்கும் புரிந்துதான் இருந்தது. அவன் மதிலுக்கு உள்ளே போக வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன். ஆனால் பொய் சொல்லி உள்ளே கொண்டுபோனால் அந்த ஞானஸ்நானமே பொய்யாகிவிடாதா என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. அதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சாமியார் வேறு ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்ததால், எங்கே அடக்கம் செய்வது என்று முடிவுசெய்யும் பொறுப்பு உபதேசியார் தலையில் விழுந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்துப் புதுநன்மைக்குத் தயாரித்தவர் அவர்தான். வகுப்பில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சரியான பதிலைச் சொன்னாலும் புருவத்தைத் தூக்கி, "நெசமாவா?" என்று கேட்பார். தடுமாறி மாற்றிச் சொல்கிறவர்கள் பெஞ்சில் ஏற வேண்டும். மாற்றாமல் நின்றவர்களுக்கு மாதா படம். என்னிடம் நிறைய மாதா படங்கள் இருந்தன.

அவர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"தங்கச்சி, ஊத்தும்போது உசுரு இருந்துச்சா?"

அம்மா ஓரத்தில் கிடந்த துணிச்சுற்றைப் பார்த்தாள்.

"எனக்குக் கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு அண்ணாச்சி. ஊத்துனது அவதான். அவட்டயே கேளுங்க." என் பக்கம் கையைக் காட்டி, "அவ பொய் சொல்ல மாட்டா" என்றாள்.

அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். எப்படிச் சொன்னாய், சொல்லிக் காட்டு என்றார். சொல்லிக் காட்டினேன். "சாமியார் கணக்கா சுத்தமாச் சொல்லுதா" என்று அத்தையிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"சரி. நீ தண்ணி ஊத்தும்போது தம்பி அசைஞ்சானா?"

"இல்ல."

"கை? காலு?"

"இல்ல."

அவர் புருவத்தைத் தூக்கினார்.

"நெசமாவா? நல்லா யோசிச்சுச் சொல்லு. நெஞ்சு லேசா ஏறி எறங்கியிருக்கும், நீ சின்னப் புள்ள, ஒனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியலைன்னாலும் தெரியலைன்னு சொல்லலாம். தப்பு இல்ல."

அத்தையின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"தெரியும். நான் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவன் அசையவே இல்ல."

மூன்றாவது முறையும் கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது. நான் அதே பதிலைச் சொன்னேன். வகுப்பில் செய்வது போல என்னை மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். தயவுசெய்து மாற்றிச் சொல் என்று அந்த மனிதர் என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார் என்பது விளங்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. எங்களிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வார்த்தையைத் தானாகச் சொல்ல அவராலும் முடியவில்லை, அம்மாவாலும் முடியவில்லை.

அவர் அம்மாவைப் பார்த்தார்.

"அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

அத்தை என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு பல நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் மாமா, அத்தையின் கணவர், ஒரு பழைய தேயிலைப் பெட்டியை அறுத்துச் சிறிதாக்கினார். அம்மா என் புதுநன்மை முக்காட்டைக் கேட்டாள். துணிப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதில் அவனைச் சுற்றினாள். எங்கே தோண்ட வேண்டும் என்று மாமாவுக்குச் சொன்னாள்: மதிலை ஒட்டியல்ல, தள்ளி, மூத்தவனுக்குப் பக்கத்தில். அவளால் எழுந்து வர முடியவில்லை. நான் மாமாவோடு போனேன். மண் ஈரமாக இருந்ததால் தோண்டுவது எளிதாக இருந்தது. உபதேசியாரும் வந்தார். அங்கே வர வேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. செபப் புத்தகம் கொண்டுவரவில்லை. கடைசி மண் விழும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பும்போது என் தலையில் கை வைத்தார். மாதா படம் தரப்போகிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் வேகமாக முன்னால் நடந்துவிட்டார்.

அன்று மாலைச் செபத்தை அம்மா படுத்தபடியே சொன்னாள். முடிவில் தங்கை தன் குற்றத்தைச் சொன்னாள், தம்பி சொன்னான். எனக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை. இல்லை என்றே சொன்னேன். அம்மா எல்லார் நெற்றியிலும் சிலுவை போட்டுவிட்டு, மற்ற இருவரையும் அத்தை வீட்டுக்குச் சாப்பிட அனுப்பினாள். என்னை மட்டும் இருக்கச் சொன்னாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏளா, நீ எந்தத் தண்ணிய எடுத்துட்டு வந்த?"

"குசினிப் பானத் தண்ணிம்மா."

"பானத் தண்ணி குளுந்துல்லா கெடக்கும்" என்றாள். தன் நெற்றியை விரலால் தொட்டாள். "நெத்தியில பட்டதும் அவனுக்குச் சுருக்குன்னு இருந்திருக்கும். இல்லியா?"

தம்பிக்குக் குளிர்ந்திருக்குமே என்றுதான் அம்மா வருத்தப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு எது ஆறுதலாக இருக்கும் என்று நன்றாக யோசித்தேன்.

"இல்லம்மா. அவனுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றேன்.

அம்மா சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்து, போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டு, நல்ல பதில் சொன்ன நிம்மதியோடு நான் சாப்பிடப் போனேன்.